வின்சென்டை ஜப்பான்காரன் கொல்லவில்லை

மறுபடியும் அந்த வாட்ஸ்அப் செய்தி வந்துவிட்டது. இங்கிலாந்துக்காரன் தூங்கினானாம், ஜப்பான்காரன் வந்து மோட்டார் சைக்கிள் தொழிலையே விழுங்கினானாம். எங்கள் பழைய அலுவலக நண்பர்கள் குழுவில் ஆளாளுக்குக் கைதட்டல். பட்டியலில் பிஎஸ்ஏ, நார்ட்டன், டிரயம்ஃப் எல்லாம் இருக்கின்றன. போகட்டும், அவர்கள் விஷயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. கூடவே வின்சென்டையும் சேர்த்திருக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தேதியைப் பாருங்கள் ஐயா. லண்டனுக்கு வடக்கே ஸ்டீவனேஜ் என்ற ஊரில் கடைசி வின்சென்ட் தயாரானது 1955 டிசம்பரில். ஹோண்டா ஐல் ஆஃப் மேன் பந்தயத்துக்கு முதன்முதலாக வந்ததே 1959ல்தான். வராத எதிரி எப்படிக் கொன்றான்?

தூங்கினாராம்! பிலிப் வின்சென்ட் 1928ல், இருபது வயதில், எச்.ஆர்.டி. என்ற பெயரை விலைக்கு வாங்கித் தொழில் தொடங்கியவர். மற்றவர்கள் பின்சக்கரத்தை விறைப்பாக மாட்டிக்கொண்டிருந்த காலத்தில், முதல் வண்டியிலேயே பின்பக்கம் ஸ்பிரிங் வைத்தார். போருக்குப் பின் அவரும் ஆஸ்திரேலியர் பில் இர்விங்கும் செய்த 998 சிசி ராபிடுக்கு வழக்கமான சேஸிஸே கிடையாது. எஞ்சின்தான் எலும்புக்கூடு, மேலே ஆயில் டேங்க்தான் முதுகெலும்பு. ஸ்பானர் இல்லாமல் சக்கரத்தைக் கழற்றலாம். பிளாக் ஷேடோ மணிக்கு 125 மைல் போகும். 1948ல் ரோலி ஃப்ரீ என்ற அமெரிக்கர் வெறும் நீச்சல் ஜட்டியோடு ஒரு வின்சென்ட் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, பான்வில் உப்புவெளியில் 150 மைலைத் தாண்டினார்! (அந்தப் புகைப்படத்தை என் மனைவியிடம் காட்டினேன். "கிறுக்கன்" என்றாள்.)

பிறகு ஏன் மூடினார்கள்? செய்யும் செலவு விற்கும் விலைக்குள் அடங்கவில்லை. அவ்வளவுதான்.

இது எனக்குத் தெரிந்த வித்தை. ஒரு தொழிற்சாலையில் 31 வருடம் காஸ்டிங் பிரிவில் இருந்தவன் நான். கனமான பித்தளைக் குழாயை நிறுத்திவிட்டு மெலிசானதைச் செய்யலாம் என்று நோட் எழுதியதும் நான்தான். கம்பெனி பிழைத்தது, எனக்குப் பதவி உயர்வும் வந்தது. அந்த மெலிசான குழாய் என் வீட்டிலேயே இரண்டாம் வருடம் ஒழுகியது.

வின்சென்டுக்குக் கணக்கு வரவில்லை என்று திட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன். சோம்பேறி என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இவ்வளவையும் குழுவில் எழுதினேன். ஒரே ஒரு கைகூப்பும் படம் வந்தது. மறுநாள் காலை வேறொருவர் அதே செய்தியை மறுபடி அனுப்பியிருந்தார்.