சோம்பேறித்தனம் இல்லீங்க, ரத்தம் இல்லை

கோயமுத்தூர்க்காரங்களுக்கு இரும்பைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கணபதி, பீளமேடு, அரசூர், குறிச்சி என்று எந்தப் பக்கம் போனாலும் பவுண்டரிதான். பம்ப்செட், மோட்டார், கிரைண்டர் என்று இரும்பை உருக்கி ஊரூருக்கு அனுப்புகிற ஊர் இது. ஒரு மனித உடம்புக்குத் தேவையான இரும்போ மொத்தமே மூணு நாலு கிராம்தான். ஒரு ஆணி அளவு! அதுகூட இங்கே பல அம்மாக்களின் உடம்பிலும், வயசுக்கு வந்த பெண் பிள்ளைகளின் உடம்பிலும் இல்லை.

மிகைப்படுத்தல் கிடையாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் 55 சதவீதம். ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் பஞ்சமே இல்லாத மாநிலத்தின் முன்னேற்றம் இவ்வளவுதான். ரத்தசோகைக்குப் பல காரணங்கள் உண்டு. அதில் முக்கியமானது இரும்புச்சத்துக் குறைவு.

வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயர் வேறு. "எப்பப் பாரு படுத்தே கெடக்கறா", "படிக்கச் சொன்னாத்தான் தூக்கம் வரும் இவளுக்கு". மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படபடப்பு, தலைசுற்றல் என்று அம்மா சொன்னால், "வயசாகுதில்ல" என்று முடித்துவிடுவார்கள். அம்மாவுக்கு வயது நாற்பதுகூட ஆகியிருக்காது! ஊறவைக்க எடுத்த அரிசியைப் பெண் பிள்ளை அள்ளி அள்ளித் தின்றால், "கல்யாணத்தன்னிக்கு மழை வரும் பாரு" என்று கிண்டல் வேறு. மழையெல்லாம் வராது சாமி. பச்சை அரிசி, சாம்பல், சிலேட்டுக் குச்சி, மண் என்று நாக்கு தேடுவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். சிரிப்பதற்குப் பதில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இது சோம்பேறித்தனம் இல்லை, வியாதி.

அடுத்து வருவது அறிவுரைக் கோஷ்டி. "பீட்ரூட் சாப்புடு கண்ணு, ரத்தம் ஊறும்". சிவப்பாக இருப்பதால் அது ரத்தமாகிவிடாது. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு உணவில் 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. அப்படியானால் தினமும் மூணு கிலோ பீட்ரூட்! எந்த வீட்டில் நடக்கும்?

அதே பரிந்துரையில் ஆணுக்கு 19 மில்லிகிராம். 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு 32. பெண்ணுக்கு ஏன் கூடுதல்? மாதவிடாயில் மாதாமாதம் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு வெளியே போகிறது. சாப்பிடுவதில் பெரும்பகுதி உடம்பில் சேர்வதும் இல்லை. ஒரு கர்ப்பத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட 1000 மில்லிகிராம் தேவை. அதாவது அதிகம் செலவாகும் கணக்குக்கு வரவும் அதிகம் வேண்டும். இது காமர்ஸ் முதல் வருடப் பாடம்.

நடப்பது என்ன? ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் ஈரலும் சுவரொட்டியும் யார் தட்டுக்குப் போகின்றன? உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும் இரும்பு அதில்தான் இருக்கிறது. அப்பாவுக்கு, பிறகு பையனுக்கு, பிறகு விருந்தாளிக்கு. கடைசியில் உட்காரும் அம்மாவுக்குக் குழம்பில் மிஞ்சிய எலும்பு. கம்பும் ராகியும் விளைந்த கொங்கு மண்ணில் அவள் தட்டில் இருப்பது வெறும் வெள்ளைச் சோறு. 100 கிராம் கம்பில் ஆறு மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உண்டு, தீட்டிய அரிசியில் ஒன்றுகூட இல்லை. சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் டீ வேறு. சோற்றிலும் கீரையிலும் இருக்கும் கொஞ்ச இரும்பையும் டீ உடம்பில் சேரவிடாமல் தடுத்துவிடும்.

இந்த நஷ்டம் அவளோடு முடிவதும் இல்லை. அம்மாவின் இறுதி இருப்புதான் மகளின் தொடக்க இருப்பு. ரத்தசோகையுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தை இரும்புச் சேமிப்பு குறைவாகவே பிறக்க வாய்ப்பு அதிகம். அந்தக் குழந்தை பெண்ணாக இருந்தால், பதிமூன்று வயதில் மறுபடி செலவு ஆரம்பம்.

மில்களின் கதை இன்னும் மோசம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், மூணு வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி டீன்ஏஜ் பெண்களைச் சேர்த்தார்கள். 2011-ல் நெதர்லாந்து அமைப்புகளின் அறிக்கை வந்த பிறகு உலகமே பேசியது. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் இன்னொன்றை வெளியே கொண்டுவந்தது. தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயர்கூட இல்லாத மாத்திரைகளைக் கொடுத்து மெஷினுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ரத்தப்போக்கு எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு என்ற கேள்விகளுக்கெல்லாம் அங்கே இடம் ஏது? மெஷினுக்குத் தேய்மானம் எழுதத் தெரிந்தவர்களுக்கு, அதை ஓட்டுகிற பெண்ணின் தேய்மானம் மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அரசாங்கம் சும்மா இல்லை, உண்மைதான். பள்ளிகளில் வாரம் ஒரு நீல மாத்திரை உண்டு. ஆனால் 2022-ல் தொடங்கிய காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. இரும்பு அதிகம் தேவைப்படும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில் தட்டு காலி! காலையில் சாப்பிடாமல் பஸ் பிடித்து வரும் பெண் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டும். மலம் கறுப்பாகப் போகும், பயந்துவிடுவாள். இது சகஜம் என்று யாரும் சொல்வதில்லை. மாத்திரை குப்பைக்குப் போகும், ரெஜிஸ்டரில் மட்டும் 'கொடுக்கப்பட்டது' என்று இருக்கும்.

ஆகவே அறிவுரை வேண்டாம். பங்கீட்டை மாற்றுங்கள். சத்துணவு பன்னிரண்டாம் வகுப்பு வரை போகட்டும். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, விளக்கம் சொல்லிக் கொடுக்கட்டும். மில் ஹாஸ்டல்களில் பெயரில்லாத மாத்திரைக்குப் பதில் டாக்டர் வரட்டும். வீட்டில் டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைத்து, கீரையோடும் கம்மஞ்சோற்றோடும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள், இரும்பு கூடுதலாகச் சேரும். ரத்தம் ரொம்பக் குறைந்திருந்தால் சாப்பாடு மட்டும் போதாது, டாக்டரிடம் போகத்தான் வேண்டும்.

மற்றதெல்லாம் அரசாங்கமும் முதலாளியும் செய்ய வேண்டியது. ஈரலை யார் தட்டில் வைப்பது என்பதற்கு மட்டும் எந்த ஜி.ஓ.வும் தேவையில்லை. வர்ற ஞாயிற்றுக்கிழமையே செய்யலாம்.