முற்றத்துச் செங்கல்லில் எண்ணெய் கொட்டினால்...

மீனை வீட்டுக்குள் பொரித்தால் படுக்கை விரிப்பு வரை வாடை ஏறிவிடும். அதனால் மண்டபத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஓர் அடுப்பு உண்டு. அங்கே நெத்திலி பொரித்துச் சட்டியை இறக்கும்போது கை தவறி, செங்கல் பாவிய தளத்தில் எண்ணெய் கொட்டிவிட்டது. அவசரத்தில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். அதுதான் நான் செய்த தப்பு! உள்ளங்கையளவு இருந்த கறை முறத்தளவு பரவிவிட்டது. மறுநாள் விடியற்காலையில் பல் துலக்க வந்த என் மாமியார் அதிலே வழுக்கி விழுந்தார். நல்லவேளை, மணிக்கட்டுச் சுளுக்கோடு போயிற்று.

"ஏத்தா, கறை இருந்தா இருந்துட்டுப் போகட்டும். வழுக்கலை முதல்ல எடு" என்றார்.

"ஆசிட் ஊத்துங்கக்கா, பளிச்சுனு போயிடும்" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். சில வருஷங்களுக்கு முன் வாசற்படியில் அதையும் செய்து பார்த்தவள் நான். பூச்சுச் சுண்ணாம்புதான் நுரைத்துக்கொண்டு போயிற்று. எண்ணெய் அப்படியே இருந்தது. ஆசிட் சுண்ணாம்பையும் சிமெண்டையும் அரிக்கும், எண்ணெயை ஒன்றும் செய்யாது. போதாததற்குச் செங்கல்லுக்குள் உப்பையும் விட்டுவிட்டுப் போகும். நம் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றிலேயே செங்கல் பூத்து, மேல்தோல் உதிர்கிறது. அதற்கு நாமும் ஏன் துணை போக வேண்டும்?

செங்கல்லில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. எண்ணெய் அவற்றுக்குள் இறங்கிவிடுகிறது. தேய்த்தால் வராது, உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும்.

புதுக்கறை என்றால்: தண்ணீர் ஊற்றாதீர்கள், தேய்க்காதீர்கள். பழைய துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு சலித்த, ஆறிய அடுப்புச் சாம்பலையோ மரத்தூளையோ கனமாகத் தூவி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் கூட்டுங்கள். அரிசிமாவு வேண்டாம், எறும்பு வந்துவிடும்.

பழைய கறை என்றால்: ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேஜைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, சலித்த களிமண் பொடியில் விட்டு இட்லி மாவை விடக் கெட்டியாகப் பிசையுங்கள். கறையைத் தாண்டி இரண்டு விரல் வெளியே வரும்படி அரை அங்குலக் கனத்துக்கு அப்பி, பாலிதீன் தாளால் ஒருநாள் மூடி வையுங்கள். பிறகு தாளை எடுத்துக் காயவிடுங்கள். காயும்போது மண் எண்ணெயை மேலே இழுக்கும். கொட்டாங்கச்சியால் சுரண்டி எடுத்து, தேங்காய் நாரால் தேயுங்கள். கம்பி பிரஷ் கூடாது, செங்கல்லின் சுட்ட தோல் போய்விடும்.

கடைசியாகக் கழுவ உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நல்ல தண்ணீரில் துணியை நனைத்து நாலைந்து தடவை துடைத்தாலே போதும். குடக் கணக்கில் செலவாகாது.

சமையல் எண்ணெய் சோடாவோடு சேர்ந்து கொஞ்சம் சோப்பாக மாறி இளகிவிடும். வண்டி எண்ணெயும் படகு எஞ்சின் டீசலும் அப்படி மாறாது. அவற்றுக்கு மரத்தூளும் சோப்புத்தூள் கரைசலும், கூடவே பொறுமையும் வேண்டும். எண்ணெய் ஊறிய தூளை அடுப்பில் போட்டுவிடாதீர்கள், குபீரென்று பற்றிக்கொள்ளும்.

இன்னும் ஒன்று, குழந்தை வைத்திருப்பவர்களுக்கு. ஆசிட், மண்ணெண்ணெய் இரண்டையும் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், விஷவாயு கிளம்பும். சோடாக் கரைசல் தொடும்போது ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் முற்றத்துக்கு மூன்று தடவை மண் அப்ப வேண்டியிருந்தது. இன்னும் நிழல் மாதிரி ஒரு தடம் தெரிகிறது. ஆனால் வழுக்கவில்லை. மாமியார் காலால் தடவிப் பார்த்துவிட்டு, "இப்பச் சரி" என்றார். எனக்கு அது போதும்.