பிள்ளையை விடுதிக்கு அனுப்புமுன்: எங்கள் பெற்றோர் சங்கத்தின் நிலைப்பாடு

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியானதும், பிள்ளையை நாமக்கல்லுக்கோ ராசிபுரத்துக்கோ அழைத்துச் சென்று, இரும்புப் பெட்டியும் பாயும் தலையணையும் வாங்கிக் கொடுத்து, ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டு, கடமை நிறைவேறிற்று என்ற ஆறுதலோடு வீடு திரும்புவது தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. 1978இல் பிளஸ் டூ வகுப்புகள் இங்கே தொடங்கிய பிறகு, அந்த இரண்டு வருஷங்களே ஒரு பிள்ளையின் ஜீவிதம் முழுவதையும் நிர்ணயிக்கும் என்ற பயம் பெற்றோர் நெஞ்சில் குடியேறிவிட்டது. பின்னர் நீட் தேர்வு வந்து, அந்தப் பயத்தை அதிகமாக்கிற்று. எனினும், மதிப்பெண் ஒன்றையே உத்தேசித்துப் பதினைந்து பதினாறு பிராயத்துப் பிள்ளையை வீட்டினின்று பிரிப்பது தகாது என்பதே எங்கள் சங்கத்தின் தீர்மானமான அபிப்பிராயம்.

குரல் உடைந்து, தேகம் மாறி, தன்னையே தான் புரிந்துகொள்ள இயலாமல் திகைக்கும் வயது அது. கதவைச் சாத்திக்கொண்டு, கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லி, பெற்றோரை விலக்கி வைப்பதுபோல் தோன்றும் அந்த நாட்களிலேதான் பெற்றோர் அருகில் இருப்பது அத்தியாவசியமாகிறது. மகன் தன் மனத்தைத் திறப்பதற்கு முகூர்த்தம் குறிப்பதில்லை. இரவு பத்து மணிக்கு, அடுப்படியில் அம்மா பாத்திரம் துலக்கும்போது, தண்ணீர் குடிக்க வந்தவன்போல் வந்து நின்று, ஏதோ ஒன்றைப் பாதி சொல்லி நிறுத்துகிறான். மீதியைக் கேட்க அங்கே ஒருவர் இருக்க வேண்டும்.

விடுதியில் அதற்கு இடமில்லை. பெற்றோர் பார்வை நாளான ஞாயிற்றுக்கிழமைகளில், மர நிழலில் ஜமுக்காளம் விரித்து, தாய் டிபன் கேரியரைத் திறந்து மீன் குழம்பும் சோறும் பரிமாற, பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உண்ணும் காட்சியை எங்கள் அங்கத்தினர் பலர் கண்டிருக்கிறோம். எங்களில் சிலர் அந்த ஜமுக்காளத்தில் அமர்ந்தும் இருக்கிறோம். நாங்கள் முதலில் கேட்டது, போன வாரப் பரீட்சையில் எவ்வளவு என்பதைத்தான். அதை இன்று மிகுந்த வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

விடுதிகள் யாவற்றையும் நாங்கள் எதிர்க்கவில்லை. உயர்நிலைப் பள்ளியே எட்டாத மலைக் கிராமங்களின் பிள்ளைகளுக்கும், வறுமையினால் படிப்பை இழக்க நேரும் பிள்ளைகளுக்கும் அரசாங்க விடுதிகளே கல்வியின் வாசல். அவை பெருக வேண்டும், அங்கே உணவும் பராமரிப்பும் சீர்பட வேண்டும். ஆயினும், எந்த விடுதியானாலும், பெற்றோரோடு பேசுவதை நன்னடத்தைக்குச் சன்மானமாகவும், பேச விடாமையைத் தண்டனையாகவும் கையாளுவதை நாங்கள் கண்டிக்கிறோம். பிரிந்து வாழ நேரும் குழந்தைக்குத் தாய் தந்தையரோடு முறையாக நேரடித் தொடர்பு வைத்துக்கொள்ளும் உரிமை உண்டென்று 1989ஆம் வருஷத்துக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை கூறுகிறது. 1992இல் இந்தியா அதனை ஏற்றது. ஆகவே தினந்தோறும் வீட்டோடு பேச வசதியும், மாதத்தில் இரண்டு நாட்களாவது வீட்டில் தங்க அனுமதியும், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் யாவரும் காணும்படி எழுதப்பட்ட சுவரும் விடுதிகள்தோறும் இருக்க வேண்டுமென்று கோருகிறோம்.

இவ்வருஷம் பிள்ளையை எங்கே சேர்ப்பதென்று யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோரே, முன்பணம் கட்டுமுன் ஓர் இரவு அவனோடு உட்கார்ந்து, அவன் விருப்பம் என்னவென்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதிருங்கள்.