பாட்டை எழுதிக் கொடுக்கும் இயந்திரம்

பாடியதையோ வாசித்ததையோ பதிவு செய்து கணினியில் கொடுத்தால், அது கேட்டு, இன்ன சுரம் இவ்வளவு நேரம் என்று கண்டு, குறிப்பாக எழுதிக் கொடுத்துவிடுகிற மென்பொருள்கள் வந்து சில வருஷங்களாகின்றன. இதைப்பற்றி நமது சாரத்தில் பேச்சு வந்தபோது, சங்கீதம் தெரிந்தவரென்று பேர் வாங்கிய ஒரு பெரியவர், “அதெல்லாம் வெள்ளைக்காரன் பியானோவுக்குச் சரி, நம்முடைய சங்கீதம் தெய்வீகமானது, குருமுகமாய் வரவேண்டியது, இயந்திரத்துக்குப் பிடிபடாது” என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதி வெகுகாலமாய் நம்மை ஏய்த்து வருகிற சங்கதி.

முதலாவதாக, இதில் மந்திரமாயம் ஒன்றுமில்லை. ஓசை என்பது காற்றின் அதிர்வு. வினாடிக்கு 440 தரம் அதிர்ந்தால் ஒரு சுரம். 880 தரம் அதிர்ந்தால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். மென்பொருளானது பதிவை மிகச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வு எவ்வளவு பலமாயிருக்கிறது என்று அளக்கிறது. பிறகு தான் முன்னமே படித்திருக்கிற பாடத்தைக்கொண்டு, இது சுரம், இது வெறும் சத்தம் என்று தீர்மானிக்கிறது. படித்த பாடம் என்றோமே, அதுதான் இங்கே முக்கியம். கூகிள் கம்பெனியின் ஆராய்ச்சிக்காரர்கள் 2018 முதல் வெளியிட்டிருக்கிற பியானோப் பதிவுகள் சுமார் 200 மணி நேரம் ஓடக்கூடியவை. எந்தக் கட்டை எந்தக் கணத்தில் அழுந்தியது என்பதைப் பியானோவே குறித்துவைத்த பதிவுகள் அவை. கேள்வியையும் விடையையும் சேர்த்து 200 மணி நேரம் ஊட்டினால் எந்த மாணாக்கன்தான் தேறமாட்டான்? ஸ்பாட்டிஃபை கம்பெனியார் 2022-ம் வருஷத்தில் இவ்வகை மென்பொருள் ஒன்றை யாரும் இலவசமாய் எடுத்துக்கொள்ளும்படி விட்டேவிட்டார்கள்.

பெரியவர் சொன்னதில் உண்மையான பாதியை இனிப் பார்ப்போம். பியானோவில் 88 கட்டைகள். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே ஒன்றுமில்லை. நம்முடைய நாயனத்திலோ அந்த நடுவிலேதான் பாட்டே இருக்கிறது. டி. என். ராஜரத்தினம் பிள்ளை அவர்களின் தோடியை இசைத்தட்டில் கேளாத தமிழர் குறைவு. அந்தத் தோடியில் காந்தாரம் என்பது ஓரிடத்தில் உட்காருவதில்லை. ரிஷபத்திலிருந்து மத்திமத்தின் பக்கம்வரை போய்த் திரும்பி ஊசலாடுகிறது. பியானோப் பாடம் படித்த இயந்திரம் இதை ஒரு காந்தாரமென்று எழுதாமல், ரி, க, ம என்று மூன்றையும் தானியம் இறைத்தமாதிரி இறைத்துவிடும். போதாததற்கு, நம்மவர்களுக்குச் சட்சமும் ஆளுக்கொரு சுருதி. வாய்ப்பாட்டுக் கச்சேரியானால் பாடகரின் பின்னாலேயே வயலின்காரர் அதே சங்கதியை வாசித்து வருவார். இயந்திரம் திணறத்தான் செய்கிறது.

ஆனால் “இன்னும் படிக்கவில்லை” என்பது வேறு, “படிப்பு வரவே வராது” என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசித்தானே நமது பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்தி வைத்தார்கள்? அதே வாதத்தை இன்று கணினியிடம் போய்ச் சொல்லுகிறார்கள். அதற்காவது ரோஷமில்லை.

எழுத முடியாத சங்கீதமென்பதும் பொய். சென்னையிலே ஏ. எம். சின்னசாமி முதலியார் என்னும் கிறிஸ்தவர், நம்முடைய கீர்த்தனங்களை ஐந்து கோட்டு ஐரோப்பியக் குறிப்பில் எழுதி 1893-ம் வருஷத்திலேயே அச்சிட்டார். எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர், கமகங்களுக்கென்றே தனித்தனி அடையாளங்கள் வைத்து, 1904-ல் பெரும் புத்தகமாய்த் தம் பரம்பரைச் சொத்தை வெளியிட்டார். தீட்சிதர் பார்ப்பனர்தான். ஆனாலும் பூட்டி வைத்திராமல் எழுதிக் கொடுத்தார். அதை மறைப்பது யோக்கியமல்ல. என்ன வேடிக்கையென்றால், தமிழ்ச்சீமையில் அச்சான அந்தப் புத்தகம் தெலுங்கு எழுத்தில் வந்தது. தமிழெழுத்தில் வரத்தொடங்க 1961 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் என்னும் வைத்தியர், தம் சொந்தப் பணத்தையும் உழைப்பையும் கொட்டி 1917-ல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டு, சுருதியைக் கணக்குப்போட்டுக் காட்டினார். கணக்குக்கு அகப்படுகிற பொருள் இயந்திரத்துக்கு மட்டும் எப்படி அகப்படாமற் போகும்?

எழுத்தென்றால் வாத்தியாருக்குப் பயம் வருவது நமது தேசத்துக்கு மாத்திரம் உரிய குணமல்ல. சுமார் ஆயிரம் வருஷத்துக்குமுன் இத்தாலியில் கீதோ என்னும் கிறிஸ்தவத் துறவி, கோடுபோட்டுச் சுரத்தை எழுதும் முறையைத் திருத்தியமைத்தார். பத்து வருஷம் ஆகிற படிப்பு இதனால் ஒன்றிரண்டு வருஷத்தில் முடிகிறதென்று அவரே எழுதியிருக்கிறார். சந்தோஷப்பட வேண்டிய சகதுறவிகள் பொறாமைப்பட்டார்கள். அவர் அந்த மடத்தையே விட்டு வெளியேற வேண்டி வந்தது. பத்து வருஷம் காலைப்பிடிக்க வேண்டிய சிஷ்யன் ஒரு வருஷத்தில் எழுந்துபோய்விட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்ட குருவின் கதையைப் பக்தியோடு படிக்கிற நாடு இது. பிளேட்டு வந்தபோது அது விரலும் கேட்கவில்லை, கோத்திரமும் கேட்கவில்லை. கீழே உட்காரவும் சொல்லவில்லை. நமக்குத் தெரிந்த ஒரு பேண்டு செட்டுப் பையன், கீர்த்தனை கற்றுக்கொள்ளப் போன இடத்தில், “உங்களுக்குச் சினிமாப் பாட்டு போதாதா?” என்று கேட்கப்பட்டுத் திரும்பியவன். இப்போது அவன் ஒரு பழைய பாட்டைக் கைபேசியில் கொடுத்து, குறிப்பை வாங்கி, தப்பானவற்றைக் காதாலே திருத்தி, கிளாரினெட்டுக்கும் டிரம்பெட்டுக்கும் தனித்தனியாய் எழுதிக் கொடுக்கிறான். தப்பு எவ்வளவு என்று கேட்டோம். “நிறைய. ஆனா வெறுந்தாளிலிருந்து ஆரம்பிக்கிறதுக்கு இது மேல், ஐயா” என்றான். பெரியவரின் தெய்வீக வாதத்தைவிட இந்தப் பதிலில் நமக்கு அதிகம் விளங்கிற்று. இதற்காக யாரும் கணினிக்குக் குங்குமம் வைத்துச் சரஸ்வதி பூசையில் உட்காரவைக்க வேண்டாம். அது தப்புச் செய்கிற கருவி. திருத்த மனுஷக் காது வேண்டும்.

நமக்குள்ள கவலை வேறு. இயந்திரத்துக்கு ஊட்டப்படுகிற பாடம் யாருடைய பாட்டு? ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனாவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தார், ஐரோப்பியப் பொதுப்பணத்தில் 2011 முதல் 2017 வரை, சென்னை ஐ.ஐ.டி. முதலானவற்றோடு சேர்ந்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தினார்கள். கர்நாடக சங்கீதக் கச்சேரிகளில் சுமார் 50 மணி நேரம் சேகரித்துக் குறிப்புகளோடு யாவருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் அது சாஸ்திரீய சங்கீதத்துக்கென்றே ஏற்பட்ட திட்டம். ஒப்பாரிக்கும், தெருக்கூத்துக்கும், பறைக்கும் இப்படிப்பட்ட பாடத்தை யார் சேர்க்கிறார்கள்? மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியையும் கணினி பிரித்தறிய ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. மிருதங்கத்துக்கும் மாட்டுத்தோல்தான், பறைக்கும் மாட்டுத்தோல்தான். நாளைக்கு இயந்திரம் பறையை இரைச்சலென்று தள்ளினால், இயந்திரத்துக்குச் சாதியில்லையே என்று சமாதானம் சொல்ல வருவார்கள். இயந்திரத்துக்கு இல்லைதான். பாடத்தைப் பொறுக்கியவர்கள் எதை விட்டுவிட்டார்களோ, அது இயந்திரத்துக்கும் கேளாது.

அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. புதுச்சேரி சர்க்கார் பணத்தில் நடக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளைக்கொண்டு இந்தப் பதிவு வேலையைச் செய்விக்க என்ன தடை? வாசிப்பவருக்குக் கூலி கொடுக்க வேண்டும், பெயரையும் ஊரையும் எழுத வேண்டும், பதிவு எந்தக் கம்பெனிக்கும் தனிச்சொத்தாகாமல் பொதுவில் இருக்க வேண்டும். சர்க்கார் அசையும்வரை வாலிபர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. சாரத்திலேயே ஒப்பாரி தெரிந்த பாட்டிமார் சிலர் இருக்கிறார்கள், எல்லாருக்கும் வயதாகிவிட்டது. கைபேசி இல்லாத வாலிபன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் போய் உத்தரவு கேட்டுப் பதிவு செய்யுங்கள். பறையானால், ஒவ்வொரு அடியையும் ஒருதரம் தனியாய், மெதுவாய் அடித்து, அதன் பெயரை வாயால் சொல்லச்சொல்லி அதையும் சேர்த்துப் பிடியுங்கள். கேள்வியும் விடையுமாய்க் கொடுத்தால்தான் இயந்திரம் படிக்கும்.