‘லிமிடெட்’ என்னும் பொய்க்காவல்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் போன்ற பகுதிகளில் பேக்கரி, உணவகம், அச்சகம் என ஏதேனும் ஒரு சிறுதொழிலை விலைக்கு வாங்க முனைவோரிடையே, பெயருக்குப் பின்னால் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று இருந்துவிட்டால் பழைய கடன் எதுவும் தம்மைத் தீண்டாது என்ற நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. குடும்பத்தின் சேமிப்பையே விழுங்கக்கூடிய இந்த நம்பிக்கை கண்டிக்கத்தக்கது.

‘லிமிடெட்’ என்ற சொல் குறிக்கும் வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்பது, பங்குதாரர் தம் பங்குக்குச் செலுத்த வேண்டிய தொகைக்கு மேல் கம்பெனியின் கடனுக்காக எதையும் தரத் தேவையில்லை என்னும் விதியாகும். கம்பெனி அதன் உரிமையாளரினின்று வேறான தனி நபர் என்று 1896இல் சாலமன் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டமும் அந்த அடித்தளத்தின் மீதே நிற்கிறது. ஆனால் இதே கோட்பாடுதான் வாங்குபவருக்கு எதிராகவும் திரும்புகிறது: பங்குகள் கைமாறினாலும் கம்பெனி என்னும் அந்த நபர் மாறுவதில்லையாதலால், அதன் கடன், வரிப் பாக்கி, வழக்கு, ஊழியருக்குரிய பணிக்கொடை ஆகிய யாவும் அதனிடமே தங்கி, வாங்கியவர் கொடுத்த விலையைக் கரைத்துவிடுகின்றன.

வாங்கியவரின் சொந்த வீடாவது தப்புமா என்றால், அதற்கும் உறுதி இல்லை. சிறு கம்பெனிக்குக் கடன் தரும் வங்கிகள் இயக்குநரின் தனிப்பிணையையும் கேட்பது வழக்கம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாதவரை, பிணை நின்றவரின் பொறுப்பு கடன்பட்டவரின் பொறுப்புக்கு நிகரானது. திவால் நடவடிக்கையில் கம்பெனிக்கான தீர்வுத் திட்டம் ஏற்கப்பட்டாலும், பிணை நின்றவர் அதனாலேயே விடுபட்டுவிடுவதில்லை என்று 2021இல் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

கம்பெனியை விடுத்து அதன் தொழிலை மட்டும் வாங்கினால் போதும் என்பாரும் உளர். அவ்வாறு வாங்கும்போது பல கடன்கள் விற்றவரிடமே நின்றுவிடுவது உண்மையே. ஆயினும் 2017ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 85ஆம் பிரிவு, கைமாற்றத்துக்கு முந்தைய வரிப் பாக்கிக்கு விற்றவரையும் வாங்கியவரையும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாக்குகிறது.

ஆகவே, கம்பெனிகள் பதிவாளரிடம் உள்ள ஆண்டுக் கணக்குகளையும், கம்பெனிச் சொத்துகளின் மீது வங்கிகள் பதிந்துள்ள உரிமைகளையும் கட்டணம் செலுத்திப் பார்ப்பதும், பின்னர் வெளிப்படும் கடனை விற்றவரே ஈடுசெய்வார் என்று எழுதி வாங்குவதும், விலையின் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட காலம் நிறுத்திவைப்பதும் வாங்குபவரின் கடமைகளாகும். இவற்றைத் தேவையற்ற செலவென்று ஒதுக்கச் சொல்லும் தரகர், பிறர் உழைத்துச் சேர்த்த பணத்தைப் பணயம் வைக்கிறார்.