சமைத்தவர் யார்?

நம் புராணங்களில் சமையலுக்குக் கீர்த்தி பெற்றவர்கள் இருவர். நளன் ஒருவன், பீமன் மற்றொருவன். இருவருமே ராஜ வம்சத்தார். இருவரும் கஷ்டகாலத்தில் பெயரை மறைத்துக்கொண்டுதான் கரண்டியைப் பிடித்தார்கள். நளனைத் தமயந்தி எப்படிக் கண்டுபிடித்தாள்? அவன் சமைத்த பதார்த்தத்தைத் தருவித்து வாயில் இட்டுப் பார்த்தாள். இன்னார் கை என்று தெரிந்துவிட்டது. பெயர் ஒளிந்திருந்தது, ருசி ஒளியவில்லை.

இன்று நிலைமை தலைகீழ். பெயர் பத்தடிப் பலகையில் ஜொலிக்கிறது, கைதான் ஒளிந்திருக்கிறது.

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரையில் ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்கள் கவனித்திருப்பார்கள். முன்பெல்லாம் ஓட்டல் பலகையில் சுவாமி பெயர் இருக்கும். இல்லையேல் ஊர்ப் பெயர். பின்னால் 'பவன்' என்றோ 'விலாஸ்' என்றோ ஒரு வால். இப்போது தொலைக்காட்சியில் பிரசித்தி பெற்ற சமையற் கலைஞர்களின் பெயரும் படமும் அந்த இடத்துக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. வெள்ளைச் சட்டை, புன்சிரிப்பு, மார்பின் குறுக்கே கட்டிய கைகள். சமையற்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் உலை எப்படிக் கொதிக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

பரிகாசம் இருக்கட்டும். இந்த மாறுதலைக் கண்டு நாம் சந்தோஷப்படவே செய்கிறோம். 'சமையற்காரன்' என்ற சொல்லை வசைச் சொல்லாக வழங்கிய சமூகம் நம்முடையது. 2019-ஆம் வருஷம் விஜய் தொலைக்காட்சியில் 'குக்கு வித் கோமாளி' தொடங்கி, தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நடுவர்களாக வீற்றிருந்த பிறகு, நம் வகுப்புப் பையன்களே சமையலைப் பற்றி வெட்கமில்லாமல் பேசுகிறார்கள். அவர்களில் ஒருவன் தரமணியிலுள்ள ஓட்டல் நிர்வாகக் கல்லூரியில் சேர விரும்பினான். தகப்பனார் நம்மிடம் ஓடி வந்தார். "சார், இவ்வளவு படிக்க வைத்தது கரண்டி பிடிக்கவா?" என்றார்.

அவருக்கு விஜய் குமாரின் கதையைச் சொன்னோம். திண்டுக்கல் ஜில்லா நத்தம் பக்கத்துப் பிள்ளை. எஞ்சினீயர் படிப்புக்கு வீட்டில் வசதி போதாமல் சமையற் படிப்புக்குப் போனவர். 2021-இல் நியூயார்க் நகரில் திறந்த 'செம்ம' என்ற உணவுச்சாலையின் பிரதம சமையற்காரர் அவரே. மறு வருஷமே அந்த இடத்துக்கு மிஷேலின் நட்சத்திரம் கிடைத்தது. (டயர் கம்பெனி கொடுக்கும் நட்சத்திரத்துக்கு உலகம் இப்படித் தவம் கிடப்பது வேடிக்கைதான்.) 2025-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் பியர்ட் பரிசை வாங்க வேஷ்டியோடு மேடை ஏறினார். அங்கே ஜனங்கள் காத்திருந்து சாப்பிடுவது என்ன தெரியுமா? நத்தைப் பிரட்டல். வயலில் பொறுக்கிய நத்தையை வீட்டில் சாப்பிட்டதைப் பள்ளித் தோழர்களிடம் சொல்லக் கூசியவர் அவர்! தகப்பனார் கேட்டுக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை. பையன் நுழைவுப் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டான்.

ஆகவே, சென்ற மாதம் அத்தகைய ஓட்டல் ஒன்றுக்கு நாமும் போனோம். எந்த ஓட்டல் என்பது வேண்டாம். பருப்புருண்டைக் குழம்பு வந்தது. இந்தக் குழம்பில்தான் சமையற்காரரின் யோக்கியதை தெரியும். பயந்தவர்கள் உருண்டையை ஆவியில் வேக வைத்துப் பிறகு குழம்பில் போடுவார்கள். உடையாது, ஆனால் புளியும் காரமும் உள்ளே இறங்காது. கை தேர்ந்தவர்கள் பருப்பைக் கெட்டியாக, கொரகொரப்பாக அரைத்து, கொதிக்கும் குழம்பில் முதலில் ஒரே ஓர் உருண்டையைப் போட்டுப் பார்ப்பார்கள். அது மிதந்து வந்த பிறகே மற்றவை இறங்கும். அதுவரையில் கரண்டி உள்ளே போகக் கூடாது. நமக்கு வந்தது இரண்டாவது ஜாதி. முழு உருண்டை, உள்ளே மெத்து, நடு வரையில் புளிப்பு.

"இதைச் சமைத்தவர் யார், தம்பி?" என்று சிப்பந்தியைக் கேட்டோம். அவன் முகம் வெளுத்துவிட்டது. "ஏதாவது குறையா, சார்?" என்றான். சமைத்தவரைக் கூப்பிடுவதென்றால் சண்டைக்குத்தான் என்று அவன் அனுபவம். கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவர் ஒடிஸா தேசத்து வாலிபர். மூன்று வருஷத்தில் தமிழும் கற்றுப் பருப்புருண்டையும் கற்றிருக்கிறார். பலகையில் இருக்கும் பிரபலஸ்தர் திறப்பு விழாவன்று வந்ததாகச் சொன்னார். நாம் பத்திரிகையில் எழுதுகிறோம் என்றதும், "என் பெயர் போடாதீங்க, சார், மானேஜர் கோபிப்பார்" என்று கேட்டுக்கொண்டார்.

'யார் சமைத்தது?' என்ற கேள்விக்கு நம் நாட்டில் பழைய அர்த்தம் ஒன்று உண்டு. அது ருசியைப் பற்றியதன்று, ஜாதியைப் பற்றியது. தேச பக்தியின் பெயரால் வ. வே. சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்திலேயே பந்தி பேதம் புகுந்து, 1924, 25-இல் தமிழ்நாட்டுக் காங்கிரஸைப் பிளந்தது. அதெல்லாம் பழங்கதை என்பாருமுண்டு. 2018-இல் திருப்பூர் ஜில்லாவில் ஓர் அரசாங்கப் பள்ளியில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த சத்துணவுச் சமையற்கார அம்மாள் அடுப்பு மூட்டக் கூடாதென்று சிலர் மறித்தார்கள். ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தச் செய்தி லேசில் மறக்காது. அந்த அர்த்தத்தில் இந்தக் கேள்வி ஒழிய வேண்டும். ஆனால் கேள்வியே ஒழிந்து, சாப்பாடு குழாயில் வரும் தண்ணீரைப்போல் யார் கையும் படாமல் வருவதாகப் பாவிப்பது வேறு விதமான அவமரியாதை.

பிரபலஸ்தர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஒரு மனிதர் பத்து அடுப்பில் நிற்க முடியாது. அளவு வகுப்பதும், ஆள் பழக்குவதும், உப்பு பார்ப்பதும் அவர் தொழில். அன்றி, கல்யாணச் சமையலிலும் தலைமைச் சமையற்காரரின் பெயர்தான் ஊருக்குத் தெரியும். சென்னைச் சங்கீத சீஸனில் மவுண்ட்பேட்டன் மணி ஐயர் பெயருக்காகவே சபா காண்டீனைத் தேடிப் போகிறவர்கள் எத்தனை பேர்! ஆனால் அந்தக் காலத்துத் தலைமைச் சமையற்காரர் விடியற்காலம் இரண்டு மணிக்குக் கோட்டை அடுப்பின் புகையில் தாமே நிற்பார். சம்பந்தி சாம்பாரைப் புகழ்ந்தால், கரி படிந்த ஐந்தாறு பேரையும் இழுத்து வந்து முன்னால் நிறுத்துவார்; வேஷ்டி அங்கவஸ்திரம் எல்லாருக்கும் கிடைக்கும்.

நாம் சாப்பிட்ட இடத்துப் பில்லை உற்றுப் பார்த்தோம். மேஜை இலக்கம் இருக்கிறது. பரிமாறியவர் பெயர் இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் பெயர் இருக்கிறது. மத்திய சர்க்காருக்கு இரண்டரை சதவீதம், மாகாண சர்க்காருக்கு இரண்டரை சதவீதம், தனித் தனியே இருக்கின்றன. இவற்றுக்கு நடுவே இன்னும் ஒரு வரி அச்சிடத் தாராளமாக இடம் இருக்கிறது.