எந்தத் துப்பாக்கி? யார் கையில்? – காட்டுப்பன்றி விஷயத்தில் அரசு பதில் சொல்லட்டும்!

உழைத்துக் களைத்த விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே!

ராத்திரி பத்து மணிக்குப் பன்றிக் கூட்டம் இறங்குகிறது. விடிவதற்குள் அரை ஏக்கர் மக்காச்சோளம் தரையோடு தரை. கடலைக்காடு உழுது போட்ட மாதிரி கிடக்கிறது. மரவள்ளியைக் கிழங்கோடு பிடுங்கித் தின்றுவிட்டுப் போகிறது. கூட்டுறவு சங்கத்தில் வாங்கிய கடனைப் பன்றியா கட்டப் போகிறது? நாம்தானே கட்டணும்!

2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் அரசாணை போட்டது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் சுடுவார்கள். இதுதான் அதன் சாரம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பன்றிக்கு அரசாணை படிக்கத் தெரியாதே! நாசம் அதிகம் நடப்பது காட்டை ஒட்டிய முதல் கிலோமீட்டரில். அங்கே பயிர் வைத்தவனுக்கு என்ன வழி? பிடித்துக் காட்டில் விட்ட பன்றி மறுநாள் ராத்திரி திரும்பி வந்தால் யார் பொறுப்பு? மனு கொடுத்து, குழு கூடி, ஆள் வருவதற்குள் கடலை மிஞ்சுமா?

சட்டத்தில் வழி இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 11 என்ன சொல்கிறது? காட்டுப்பன்றி உள்ள 2-ஆம் அட்டவணை விலங்கு மனித உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்தானால், அதைக் கொல்லத் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ எழுத்து மூலம் அனுமதி தரலாம். 'சொத்து' என்பதில் நிற்கும் பயிரும் சேரும் என்று சட்டமே சொல்கிறது. கேரளாவில் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களிடமே இந்த அதிகாரத்தைக் கொடுத்தார்கள். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு அங்கே வேலை நடக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் முடிகிறது, இந்தப் பக்கம் ஏன் முடியாது?

இப்போது துப்பாக்கி விஷயத்துக்கு வருவோம். 'எல்லாருக்கும் ரைபிள் குடு' என்று நம் கூட்டங்களிலேயே சில தம்பிகள் கேட்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் சங்கம் அதை அப்படியே ஏற்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

நம் தாத்தா காலத்தில் இருந்தது எஸ்.பி.எம்.எல். என்கிற கரிமருந்து திணிக்கும் ஒற்றைக்குழல். அதன் வீச்சு சுமார் 30 மீட்டர். 12 போர் இரட்டைக்குழலில் பெரிய ரவைத் தோட்டா போட்டால் 40 மீட்டர் வரை நம்பலாம். அதற்கு மேல் ரவை சிதறிப்போகும், பன்றி காயத்தோடு ஓடும். காயம்பட்ட பன்றி மறுநாள் களையெடுக்கப் போகும் பெண்ணின் மேல் பாயும்.

ரைபிள் வேறு ஜாதி. குழலுக்குள் சுழல்வரி இருக்கும். குண்டு சுற்றிக்கொண்டே நேராகப் போகும். 100, 150 மீட்டரில் நிற்கும் பன்றியைக்கூட ஒரே குண்டில் சாய்க்கலாம். அதிலும் போல்ட் ரைபிள்தான் இந்த வேலைக்கு ஏற்றது. கையால் போல்ட்டை இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும், தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். பாகங்கள் குறைவு, சிக்கல் குறைவு. போல்ட்டைத் திறந்து காட்டினால் தோட்டா இல்லை என்பது பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியும். அவசரத்தில் படபடவென்று சுடவும் முடியாது. அதுவும் நல்லதுதான்.

.303 போலீஸ், ராணுவ ரகம் என்பதால் பொதுமக்களுக்குக் கிடையாது. வங்காளத்தில் இசாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்த .315 போல்ட் ரைபிள்தான் நம் நாட்டில் பழக்கமானது. பன்றிக்கு அது தாராளம். .22 போன்ற சின்ன ரகம் பன்றிக்கு ஆகாது, காயம்தான் படும்.

ஆனால் அதே ரைபிள் குண்டு குறி தப்பினால் 2 கிலோமீட்டர் தாண்டியும் போய் விழும். நம் நிலமோ ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர். வரப்புக்கு அடுத்து இன்னொருத்தர் தோட்டம், அதற்கடுத்து சாளை, அதற்கடுத்து காலனி. இருட்டில், சோளத்தட்டு அசைவதைப் பார்த்துச் சுட்டால் அங்கே நிற்பது பன்றியா, தண்ணீர் கட்டப் போன ஆளா? ஒரு உயிர் போனால் எந்த நிவாரணம் திருப்பித் தரும்?

அதனால்தான் சொல்கிறோம். கிட்டத்துக்குக் குழல் துப்பாக்கி, அது விவசாயி கையில். தூரத்துக்கு ரைபிள், அது பயிற்சி பெற்ற குழுவின் கையில். அந்தக் குழு 100 மீட்டருக்குக் குறி சரிபார்த்த போல்ட் ரைபிளோடு, தொலைநோக்கியோடு, நல்ல விளக்கோடு வரவேண்டும். பரண் மேல் இருந்து கீழ்நோக்கிச் சுடவேண்டும். தப்பினாலும் குண்டு மண்ணில் புதையவேண்டும்.

விவசாயிக்கு லைசென்ஸ் கொடுப்பது சலுகை இல்லை. 1959 ஆயுதச் சட்டம் பிரிவு 13, பயிர்ப் பாதுகாப்புக்கான கரிமருந்துத் துப்பாக்கியையும், பாதுகாப்புக்காக 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட துப்பாக்கியையும் பெயர் சொல்லியே குறிக்கிறது. போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று பிரிவு 14 சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுதி வைக்கவேண்டும், கேட்டால் தரவேண்டும். மேல்முறையீடும் உண்டு. பக்கத்துக் குடகு மாவட்டத்தில் கொடவ மக்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் லைசென்ஸே வேண்டாம் என்று 2029 வரை விலக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நாம் விலக்கா கேட்கிறோம்? சட்டப்படி மனுவுக்குப் பதில்தானே கேட்கிறோம்!

நம் பக்கத்துத் தவறையும் மறைக்க மாட்டோம். வேலியில் திருட்டு கரண்ட் கொடுப்பதும், அவுட்டுக்காய் வைப்பதும் பாவம், குற்றம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டத்தில் மின்வேலியில் சிக்கி 3 யானைகள் செத்தன, விவசாயி சிறைக்குப் போனார். பன்றிக்கு வைத்த கரண்ட்டில் சொந்த மகனைப் பறிகொடுத்த வீடுகளும் உண்டு. முறையான வழியை அடைத்தால் ஜனங்கள் முறைகெட்ட வழிக்குப் போவார்கள். அடைத்தது யார் என்பதையும் அரசு யோசிக்கட்டும்.

நமது கோரிக்கைகள்:

1. பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி மனுக்களுக்குக் காலக்கெடு வைத்துப் பதில் சொல். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு.

2. தேர்தலுக்கு ஒப்படைத்த துப்பாக்கிகளைத் தேர்தல் முடிந்ததும் தாமதமின்றித் திருப்பிக் கொடு.

3. ஒவ்வொரு வனச்சரகத்துக்கும் சுடும் குழு அமை. எத்தனை பேர், என்ன ரைபிள், என்ன பயிற்சி என்று ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடு.

4. லைசென்ஸ் வைத்திருக்கும் உள்ளூர் விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுத்துக் குழுவில் சேர்.

5. முதல் கிலோமீட்டரில் சுடக் கூடாது என்றால், அங்கே அகழியும் சூரியசக்தி வேலியும் அரசு செலவில் போடு. அதுவரை அழிந்த பயிருக்கு முழு விலை கொடு.

விவசாயத் தோழர்களே! நாசமான கடலைச் செடியை, கடித்துப் போட்ட சோளக் கதிரை, பிடுங்கிய மரவள்ளியை அள்ளிக் கட்டிக்கொண்டு வாருங்கள். ஆட்சியர் அலுவலக வாசலில் கொட்டுவோம். நாளும் இடமும் கிளைச் சங்கத்தார் ஊரில் வந்து சொல்வார்கள். ஒரு வீட்டுக்கு ஒருத்தர் தவறாமல் வாருங்கள்.

வெறுங்கையோடு வாருங்கள், துப்பாக்கி யாரும் கொண்டுவர வேண்டாம்! அழிந்த பயிரே நம் சாட்சி!

காடு விலங்குக்கு! கழனி உழவனுக்கு!